ஒன்பது நிமிடப் படம்

மூன்று குறும்படங்களையும் பார்த்து முடிக்கத் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு முப்பத்தொரு நிமிடம் எடுத்தது. அவற்றில் இரண்டைத் தள்ளிவிட நான்கு நிமிடம்கூட எடுக்கவில்லை.

முதல் படத்தில் ஒரு தகப்பன், போர்க்காலத்தில் தனக்கு நடந்ததைப் பற்றி இருபது வருடமாக வாயே திறக்காமல் இருப்பார். "இது அரசியல். வேண்டாம்," என்றார் தலைவர் சச்சிதானந்தன். இரண்டாவது படத்தில் ஒருவன் பரீட்சை மண்டபத்தில் மூச்சு முட்டி எழுந்து வெளியே ஓடுவான். பெற்றோர் பிரதிநிதியாக இருந்த பத்மினி அதற்கு வேண்டாமெனத் தலையை ஆட்டினாள். "வசந்தத்திலை எங்கடை பிள்ளையளுக்குச் சோதினை. உதைப் பாத்திட்டு நாலு பேர் வராமல் நிண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

மிஞ்சியது மூன்றாவது படம். ஒன்பது நிமிடம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தலை வாரி இழுக்காமல், குளிக்காமல், கட்டிலை விட்டு எழும்பாமல் கிடப்பாள். தாய் ஏசுவாள், கத்துவாள், கடைசியில் களைத்துப்போய்க் கதவடியில் நிலத்தில் இருந்துகொண்டு மகள் பேசும்வரை காத்திருப்பாள்.

வேணுகா மடிக்கணினியை மூடாமல் நால்வரின் முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வயது. சுவிஸின் பீல் நகரில் புதன்கிழமைப் பின்னேரங்களில் நடக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளியில் அவளும் படித்தவள்தான். இப்போது மூத்த வகுப்பின் ஆசிரியை. கிழமையில் மற்ற நான்கு நாட்களும் ரயிலேறிப் போய், பேர்ண் பக்கத்தில் இளையோருக்கான மனநல மருத்துவமனை ஒன்றில் தாதியாக வேலை செய்தாள். பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் கதைக்கட்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு இது மூன்றாவது கூட்டம்.

"எனக்கெண்டால் காட்டலாம்," என்றார் அந்தோனிதாஸ். அவர் மன்னார்க்காரர், நகரப் பேருந்துச் சாரதி, அதிகம் பேசாதவர்.

நான்காமவர் உருத்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருபத்திநான்கு வருடமாக மயிரளவு ஆணிகளைப் பூட்டுகிற மனிதர். எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார்.

"தங்கச்சி, உங்கடை வேலையை நான் குறைவாச் சொல்லேல்லை. வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு உது தேவைதான். அவையின்ரை வீடுகளிலை கதைக்க ஆர் இருக்கினம்? எங்கடை பிள்ளையளுக்கு அப்பிடி ஒரு பிரச்சினையும் இல்லை. இல்லாததை நாங்களே கொண்டுபோய்த் தலைக்குள்ளை வைக்கக்கூடாது."

பத்மினி ஓமெனத் தலையசைத்தாள். ஒரேயொரு பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்பது அங்கே இரண்டு பேருக்குத் தெரியும். ஒன்று அவள். மற்றது உருத்திரமூர்த்தி.

அந்த வருடம் மார்ச் மாதத்தில், மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடையில், அவர் ஒரு துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதை அவள் கண்டிருந்தாள். அவருடைய ஒரே மகள் யதுஷா, பதினாறு வயது, அவளுடைய வகுப்புப் பிள்ளை, முந்திய நாள் அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தாள். வேணுகா அன்று காலையே பொறுப்பாளரிடம் போய், அந்தப் பிள்ளையைத் தனக்குத் தெரியும் என்று சொல்லி, வேறு பிரிவுக்கு மாறியிருந்தாள். ஆனால் நடை எல்லோருக்கும் ஒன்றுதான்.

"நீங்கள் இஞ்சையோ வேலை?" என்று கேட்டார் அவர்.

"ஓம் அண்ணை."

அவர் பையின் வாரைத் திருகினார். "பிள்ளை லண்டனிலை மாமி வீட்டை நிக்கிறாள் எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனாங்கள்."

"நான் இஞ்சை ஆரையும் காணேல்லை அண்ணை," என்றாள் வேணுகா.

தொழில் இரகசியம் காப்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஈஸ்டர் விடுமுறை முடிந்து யதுஷா தமிழ் வகுப்புக்கு வந்தபோது, லண்டனிலிருந்து கொண்டுவந்ததாக ஒரு சொக்லேற் பெட்டியை எல்லோருக்கும் நீட்டினாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டில் சுவிஸ் பிராங் என்று இருந்தது. வேணுகா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கு என்றாள். அன்றைக்குத்தான் அவள் இந்தப் படங்களைத் தேடத் தொடங்கினாள்.

இப்போது அதே மனிதர் முன்னால் இருந்துகொண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்கிறார். அவள் மேசைக்குக் கீழே கைவிரல்களை நெரித்துக்கொண்டாள்.

கடைசியில் சச்சிதானந்தன் ஒரு தீர்வு சொன்னார். மூன்றாவது படத்தை மட்டும் காட்டலாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். 'மனநோய்' என்ற சொல்லை எங்கும் எழுதக்கூடாது, 'மாணவர் நலன்' என்று போடலாம். குழுவின் சார்பில் ஒருவர் வகுப்பில் இருப்பார்.

"நான் இருக்கிறன்," என்றார் உருத்திரமூர்த்தி.

அனுமதிக் கடிதங்கள் திரும்பி வர ஐந்து கிழமை ஆனது. பதினான்கு பிள்ளைகளில் மூன்று பேரின் பெற்றோர் மறுத்தார்கள். ஒரு தாய் தொலைபேசி எடுத்து, தன் மகனுக்கு அடுத்த வருடம் தொழிற்பயிற்சி இடம் தேட வேண்டும், இப்படியான வகுப்பில் இருந்தான் என்பது எங்காவது பதிவாகுமா என்று கேட்டாள். எங்கும் பதிவாகாது என்று வேணுகா இருபது நிமிடம் விளக்கினாள். "எண்டாலும் வேண்டாம் பிள்ளை," என்று அந்தத் தாய் வைத்துவிட்டாள். இன்னொரு தகப்பன் கையெழுத்துக்குக் கீழே, 'வீட்டுப்பாடம் தவறாமல் கொடுக்கவும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்.

நவம்பர் மாதத்து இரண்டாம் புதன்கிழமை படம் காட்டும் நாள் வந்தது. அறை நகரப் பள்ளிக்கூடத்துடையது. படம் காட்டும் கருவி அவளுடைய மடிக்கணினியோடு ஒத்துவரவில்லை. பள்ளிப் பராமரிப்பாளர் சரியான வயரைத் தேடி எடுத்துவர இருபத்தைந்து நிமிடம். யன்னல் மறைப்புகளில் ஒன்று பாதியில் இறுகி நின்றது. அதன் வழியே வந்த வெளிச்சம் திரையின் நடுவில் விழுந்தது. ஒரு மணித்தியால வகுப்பில் பாதி அப்படியே போய்விட்டது. அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் கெஞ்சி இன்னும் அரை மணித்தியாலம் வாங்கிக்கொண்டாள்.

உருத்திரமூர்த்தி அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகளுக்கான கதிரையில், முழங்கால்கள் மேசையில் முட்ட இருந்தார். யதுஷா யன்னலோரம் இருந்தாள். தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் ஓடியது. ஒன்பது நிமிடமும் ஒரு கதிரைகூட அசையவில்லை. முடிந்ததும் வேணுகா விளக்கைப் போட்டாள்.

"சரி. என்ன நினைக்கிறியள்?"

பதினொரு பேரும் மேசையைப் பார்த்தார்கள். அவள் கேள்வியை மாற்றிக் கேட்டாள். அந்தப் பிள்ளை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? தாய் முதலில் ஏன் ஏசினாள்? பின்னால் ஒருவர் காவலிருக்கும்போது எந்தப் பிள்ளைதான் வாய் திறக்கும்? ஹரிஷா மட்டும் கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், இது சோதினைக்கு வருமோ?"

"வராது."

ஹரிஷா கொப்பியை மூடி வைத்தாள்.

வேணுகாவுக்கு முகம் சூடேறியது. ஏழு மாதம். மூன்று கூட்டம். பதினான்கு கடிதம். எல்லாம் சோதினைக்கு வராத ஒரு படத்துக்காக. அப்போது முன்வரிசையில் டினேஸ், "அந்தப் பிள்ளையை ஏன் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?" என்று கேட்டான். அவள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பேச வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது படத்துக்காகச் செய்யிறது தம்பி. தாய் தேப்பனோடை மனம்விட்டுக் கதைச்சால் ஒருத்தருக்கும் உப்பிடி வராது."

யன்னலோரத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. சந்தோசச் சிரிப்பு இல்லை.

"படம் பிழை ரீச்சர்," என்றாள் யதுஷா.

"என்ன பிழை?"

"கடைசியிலை அம்மா வந்து நிலத்திலை இருக்கிறா. அது பொய். ஒருத்தரும் அப்பிடி வந்து இருக்கேல்லை." அவள் தமிழில் தொடங்கி, சுவிஸ் ஜெர்மனுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தாள். "உடுப்பை எல்லாம் ஸூட்கேசிலை அடுக்கிப்போட்டு, ஆரும் கேட்டால் லண்டன் எண்டு சொல்லு எண்டவை. நான் லண்டனுக்குப் போகேல்லை. கிளினிக்கிலை இருந்தனான். மூண்டு கிழமை."

வேணுகாவுக்கு அவளை நிறுத்தவேண்டும் போலவும் இருந்தது, நிறுத்தக்கூடாது என்றும் இருந்தது. "யதுஷா, நீ விரும்பினால் மட்டும் சொல்லு. சொல்லவேணும் எண்டு இல்லை," என்றாள்.

"நான் விரும்பித்தான் சொல்லுறன்."

உருத்திரமூர்த்தி எழுந்தார். கதிரை அவரோடு ஒட்டிக்கொண்டு எழும்பி, பிறகு சரிந்து விழுந்தது. "பிள்ளை, வா. வீட்டை போவம்."

"வகுப்பு முடியேல்லை அப்பா."

அவர் கதிரையைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

டினேஸ்தான் கேட்டான், "அங்கை சாப்பாடு எப்பிடி?"

"படுமோசம்," என்றாள் யதுஷா. பதினொரு பேரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. தூக்கம் வராததைப் பற்றி ஒருத்தி சொன்னாள். பரீட்சைக்கு முதல் நாள் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுப்பதை ஒருவன் சொன்னான். ஹரிஷா, அக்கா பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியப் பள்ளிக்குச் சித்தியடைந்ததிலிருந்து தன் வீட்டில் தன்னைப் பற்றி ஒருவரும் கேட்பதே இல்லை என்று தமிழ், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றையும் கலந்து சொல்லி அழுதாள். வேணுகா அதிகம் பேசவில்லை. இதற்குத்தான் அவள் ஏழு மாதம் அலைந்தாள். ஆனால் கதவுக் கண்ணாடியில் உருத்திரமூர்த்தியின் ஒரு பக்கத் தோள் தெரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் ஒன்றையும் சரியாக அனுபவிக்க முடியவில்லை.

அன்று அவள் வீடு போய்ச் சேருமுன்னரே பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. 'மாணவர் நலன் நிகழ்ச்சி மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுகிறது.' மறுநாள் பத்மினி அழைத்தாள். வீட்டு விசயங்களைப் பிள்ளைகளின் வாயால் கிளறி எடுத்துவிட்டதாக நான்கு தாய்மார் குறைப்படுகிறார்கள் என்றாள். "நாங்கள் நம்பித்தானே உங்களிட்டை விட்டனாங்கள்?"

"பிள்ளையள் தாங்களாத்தான் கதைச்சவை அக்கா."

"அதுதான் சொல்லுறன். முந்தி கதைக்காதவை இப்ப கதைக்கினம்."

வேணுகா கைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மருத்துவமனைப் பொறுப்பாளர் கிராபர் அம்மா அவளைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. யாரோ நல்ல ஜெர்மனில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவமனையில் அறிந்ததை வைத்து, தன் மகளை ஊர் முன்னால் பேசவைப்பதற்காகவே தாதி அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது முறைப்பாடு. கீழே உருத்திரமூர்த்தியின் கையெழுத்து, சின்னதாக, சுத்தமாக.

வேணுகா நடந்ததைச் சொன்னாள். ஒரு சொல்கூடத் தன் வாயிலிருந்து வரவில்லை என்றாள். பெற்றோரிடம், குழுவிடம், வகுப்பில், எங்குமே இல்லை.

"அதை நான் நம்புகிறேன். அந்தப் பிள்ளையும் எங்களுக்கு எழுதியிருக்கிறாள், தானாகத்தான் சொன்னதாக," என்றார் கிராபர். பிறகு பேனாவை மேசையில் வைத்தார். "ஒன்று கேட்கிறேன். இந்தப் பிள்ளை இங்கே வந்திராவிட்டால், இதே படத்தை நீ எடுத்திருப்பாயா?"

இல்லை என்று சொன்னால் முறைப்பாடு சரி. ஓம் என்று சொன்னால் பொய். "தெரியாது," என்றாள் வேணுகா.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவளுடைய பணிக் கோவைக்குப் போனது. இரண்டு பந்தி. இரகசியத்தை மீறவில்லை, ஆனால் தொழிலையும் வெளிவேலையையும் போதியளவு பிரித்து வைக்கவில்லை என்று அதில் இருந்தது. ரயிலில் வீடு திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. லண்டன் என்று பொய் சொன்னவர்கள் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள். அந்தப் பொய்யை எட்டு மாதம் காப்பாற்றிக் கொடுத்தவளுக்குக் கோவையில் கடிதம். அதைவிட, கிராபர் கேட்டது நியாயமான கேள்வி என்பது அவளை இன்னும் எரித்தது.

அவள் தமிழ்ப் பள்ளியை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு புதனும் வேற்றுமை உருபுகள் படிப்பித்தாள். யதுஷா வந்தாள். படத்துக்குப் பிறகு பெற்றோர் மறித்த நான்கு பேர் வரவில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், ரயில் நிலையத்துக்கு முன்னால் வேணுகா பேருந்துக்கு நின்றபோது, உருத்திரமூர்த்தி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தயங்கினார். பிறகு வந்து பக்கத்தில் நின்றார். பனி உருகி நடைபாதையெல்லாம் சேறாக இருந்தது.

"கடிதம் போட்டது நான்தான்," என்றார்.

"தெரியும் அண்ணை. பேர் போட்டிருந்தது."

"வேலைக்கு ஏதும் பிரச்சினையோ?"

"கோவையிலை வைச்சிருக்கினம்."

அவர் தலையைக் குனிந்தார். அவள் அவருக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

"அவள் எங்களோடை ஒரு மாசம் கதைக்கேல்லை," என்றார். "இப்ப கதைக்கிறாள். சண்டைதான் பிடிக்கிறாள். நத்தார், புதுவருச லீவிலை ஒருநாள், நீ ஏன் அங்கை போகவேண்டி வந்தது எண்டு கேட்டனான். மார்ச்சிலை நான் அதைக் கேக்கேல்லை தங்கச்சி. அங்கை வந்த மூண்டு கிழமையும், சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ எண்டுதான் கேட்டனான்."

"சொன்னவளோ?"

"சொன்னவள். ரெண்டு மணித்தியாலம். அவளின்ரை தாயாலை அந்த இடத்திலை இருக்க முடியேல்லை. எழும்பிப் போட்டா."

பேருந்து ஒன்று வந்து நின்று போனது. இருவருடையதும் இல்லை.

"இதைக் கமிற்றியிலை சொல்லுங்கோ அண்ணை. முழுக்க வேண்டாம். காட்டினது பிழையில்லை எண்டு மட்டும் சொன்னால் காணும்."

அவர் உடனே தலையை ஆட்டினார். "அது ஏலாது. நான் அவைக்கு முன்னாலை எழும்பிச் சொல்ல மாட்டன். கேக்காதேங்கோ."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். உருத்திரமூர்த்தி ஓரடி தள்ளி நின்றார். வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

"இருபத்தெட்டாம் திகதி கூட்டம். நீங்கள் திருப்பிக் கேளுங்கோ. எனக்கு அண்டைக்கு வேலையெண்டு சொல்லிப்போடுவன்."

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. வேணுகாவுக்கு அவருடைய தோள்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அதேநேரம் மனம் கணக்குப் போட்டது. அவர் இல்லாவிட்டால் பத்மினி ஒருத்திதான் எதிர்ப்பு. "சரி," என்றாள். நன்றி சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் திகதி அவர் வரவில்லை. அந்தோனிதாஸ் காட்டலாம் என்றார். பத்மினி கூடாது என்றாள். சச்சிதானந்தன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அப்ப ஒண்டு செய்வம். முதலிலை பெற்றாருக்குக் காட்டுவம். அவை பாத்துப்போட்டுச் சொல்லட்டும். பிள்ளையளுக்குப் பிறகு யோசிப்பம்," என்றார்.

இன்னொரு தள்ளிப்போடல். இன்னொரு கடிதம், இன்னொரு கையெழுத்து. வேணுகா பல்லைக் கடித்துக்கொண்டு திகதி கேட்டாள். மார்ச் மாதத்து முதல் ஞாயிறு தந்தார்கள். விரும்பியவர்கள் பெயர் எழுத, பள்ளி அறிவித்தல் பலகையில் ஒரு தாளை ஒட்டினாள்.

முதல் கிழமை அதில் இரண்டு பெயர் இருந்தன. ஒன்று அந்தோனிதாஸ். மற்றது யாரோ பிள்ளை விளையாட்டுக்கு எழுதிய பெயர். அடுத்த புதன் வகுப்பு முடிந்து பூட்டப் போகும்போது மூன்றாவது வரியில் நீல மையில் புதிதாக ஒன்று இருந்தது. தில்லைநாயகி உருத்திரமூர்த்தி. எத்தனை பேர் என்ற கட்டத்தில், 'ஓராள்' என்று எழுதியிருந்தாள் யதுஷாவின் தாய்.

வேணுகா தாளை அப்படியே விட்டுவிட்டு, பராமரிப்பாளரின் அறைக்குப் போய், மார்ச் முதல் ஞாயிறுக்கு அந்த வயரைத் தன் பெயரில் பதிந்து வைக்கும்படி சொன்னாள். ஞாயிறுகளில் அது தரமுடியாது என்றார் அவர். அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏன் தரமுடியாது என்று கேட்கத் தொடங்கினாள்.